மெத்தைக்குள் மக்கொல்லி

புத்தாண்டு விடுமுறை முடியும்வரை ஒரு சொட்டுகூடக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். சும்மா இல்லை, பந்தயம். சத்தியத்தைக் காப்பாற்றினால் நண்பர்களோடு உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போகலாம். மீறினால் விடுமுறை முழுக்க மாமியார் ஊரில் விறகு பிளக்க வேண்டும். என் மனைவி ஓக்ரான் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் சொன்னது எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை.

நான் வொன்ஜு நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேதியியல் ஆசிரியர். வெப்பம், வாயு, அழுத்தம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனவே சத்தியத்தை மீறுவதைக்கூட அறிவியல் முறைப்படிதான் செய்தேன்.

நேற்று மாலை ஒரு பாட்டில் மக்கொல்லி வாங்கினேன். எங்கள் கொரிய அரிசிக் கள். உயிருள்ள சரக்கு. பாட்டிலுக்குள்ளும் ஈஸ்ட் சும்மா இருக்காது. சர்க்கரையைத் தின்று வாயு விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாயு வெளியேற மூடியில் சின்ன வழி வைத்திருப்பார்கள். வாயு போகும் வழியில் வாசனையும் போகும். வாசனை நேராக ஓக்ரானின் மூக்குக்குத்தான் போகும். ஆகவே மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன், இறுக்கமாக.

குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். எங்கள் வீட்டுத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. பாய்லர் பக்கத்துக் கோடி காலைச் சுடும். ஜன்னலோரக் கோடி சில்லென்று இருக்கும். அந்தச் சில்லென்ற கோடியில் மடித்து அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே பாட்டிலைச் செருகினேன். என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

இன்று ஜலதோஷத்தோடும் அடைத்த மூக்கோடும் வீடு திரும்பினால், வாசலில் மாமியாரின் ரப்பர் செருப்பு. உள்ளே, சூடான கோடியில் ராணி மாதிரி மாமியார். விருந்தாளிக்கு அந்த இடம்தான் மரியாதை. அவர் முதுகுக்குப் பின்னால் என் மெத்தை அடுக்கு!

"வாங்க, மாப்பிள்ளை! ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"ஜ... ஜலதோஷம் அத்தை. மெத்தை எப்படி இங்க வந்துச்சு?"

"அம்மாவுக்கு முதுகு வலியாம்," என்றாள் ஓக்ரான். "சாஞ்சுக்கட்டும்னு நான்தான் இழுத்துப் போட்டேன். சூட்டையும் ஏத்திவிட்டேன்."

"எவ்ளோ?"

"முப்பது."

மூடிய பாத்திரம். சூடேறும் வாயு. முழித்துக்கொண்ட ஈஸ்ட். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று போன வாரம்தான் வகுப்பில் கேள்வி கேட்டேன். ஒரு பயல்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

"மசமசன்னு நிக்காம அம்மாவுக்கு அந்தக் கெண்டியில இருக்குற சிக்கேயை ஊத்துங்க."

சிக்கே என்பது இனிப்பான அரிசிப் பானம். இரண்டு கையாலும் கெண்டியைப் பிடித்து, மரியாதையாகக் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று ஊற்றினேன். கண் மெத்தை மேலேயே இருந்ததில் பாதி தரையில் போயிற்று. மாமியார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மறுபடி மெத்தையில் சாய்ந்தார். முழு பாரத்தோடு.

டொக்.

எங்கோ சத்தம் கேட்டது. பாட்டில் உப்புகிறது!

"அத்தை, ஜன்னலோரம் வந்து உக்காருங்களேன். காத்து நல்லா வரும்."

"டிசம்பர் மாசத்துலயா? ஏண்டி, உன் புருஷனுக்கு என் மேல என்ன கோவம்?"

நைசாகச் சுவரோரம் நகர்ந்து சூட்டைக் குறைத்தேன். ஓக்ரான் வந்து மறுபடி ஏற்றினாள்.

"ஓக்ரான், வெப்பம் வேற, வெப்பநிலை வேற. தரை ஏற்கெனவே வாங்கி வச்சிருக்குற வெப்பமே..."

"பாடத்தைப் பசங்ககிட்ட வச்சுக்கோங்க. அவங்களாலதான் எழுந்து போக முடியாது. அம்மாவுக்கு இன்னொரு கிண்ணம் ஊத்துங்க."

ஊற்றினேன். மாமியாரின் கன்னங்கள் சிவக்க ஆரம்பித்தன. வெளியே இருக்கிற மனுஷியே இப்படிச் சிவந்தால் உள்ளே இருக்கிற பாட்டில் என்ன பாடு படும்? மூன்றாவது கிண்ணத்துக்குப் பிறகு அவர் பழைய பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். எனக்கிருந்த பயத்தில் அதுவும் விசேஷமாகத் தோன்றவில்லை.

ஒரு பக்கம் உறைந்த ஏரி. ஒரு பக்கம் மாமியாரின் முதுகு. அத்தை மேல் எனக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் என் கள்ளால் அவருக்கு ஒரு கீறல் விழுந்தால் நான் மனுஷனே இல்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது.

டொக்! டொக்!

"அத்தை! எழுந்திரிங்க! மெத்தைக்குள்ள மக்கொல்லி இருக்கு! நான்தான் வச்சேன்! வெடிக்கப் போகுது!"

மாமியாரை ஒரு பக்கம் தள்ளி, மெத்தையைப் பிடுங்கி, பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, டேப்பைப் பிரித்து மூடியைத் திருகினேன்.

ஒன்றுமில்லை. ஒரு 'புஸ்'கூட இல்லை. துளி நாக்கில் விட்டுப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர்!

கதவில் சாய்ந்தபடி நின்றிருந்தாள் ஓக்ரான்.

"நேத்தே மாத்திட்டேன். அந்த டேப்பைப் பிரிக்கிறதுக்குள்ள என் நகமே போச்சு."

"அப்போ அந்தச் சத்தம்?"

"சூடானா குழாய் நீளும், சத்தம் போடும்னு போன வருஷம் எனக்குச் சொன்னதே நீங்கதானே!"

"தெரிஞ்சே ஏன் இப்படிச் சூட்டை ஏத்தி என்னை வதைச்சே?"

"நான் பாட்டிலை எடுத்து நீட்டியிருந்தா, பசங்க சோதனைக்கு வாங்கினேன்னு புளுகியிருப்பீங்க. உங்க வாயாலேயே வரணும்ல? வந்துருச்சு."

ஏரி, மீன், தூண்டில் எல்லாம் கண்முன்னே மறைந்தன. கோடாலி தெரிந்தது.

"சரி, என் மக்கொல்லி எங்கே?"

ஓக்ரான் உள்ளே திரும்பிப் பார்த்தாள். மாமியார் கெண்டியைத் தலைகீழாகப் பிடித்து, கடைசிச் சொட்டைக் கிண்ணத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

"சரக்கு அருமை, மாப்பிள்ளை! விறகு பிளக்க வரும்போது இதைவிடப் பெரிய பாட்டிலா ஒளிச்சு எடுத்துட்டு வாங்க."