ஒளிக்கத் தெரியாதவளும் ஒரு நாடகப் பிஸ்ரலும்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். பீலெஃபெல்டில் ஏறிய ரயிலில், மடியில் ஒரு பிஸ்ரலை வைத்துக்கொண்டு நான் துளிப் பயமும் இல்லாமல் இருந்தேன். பயந்ததெல்லாம் எதிரில் இருந்தவர்கள்தான். (பழமொழியைச் சொன்ன மனுசன் ஜேர்மன் ரயிலில் ஏறியிருக்கமாட்டார், பாவம்.)

பதறவேண்டாம், அது நாடகப் பிஸ்ரல். சுடாது, தண்ணீர்கூடப் பீச்சாது. விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கும்போது அதன் முனையில் செம்மஞ்சள் நிறம் இருந்தது. "உது இன்ஸ்பெக்டருக்கு மரியாதையில்லை" என்று என் கணவர் கராஜில் வைத்துக் கறுப்பு மை பூசினார். கையில் பாரம் தெரியவேண்டும் என்று உள்ளே ஈயக் குண்டுகளும் போட்டார். கண்ணுக்கும் கைக்கும் அது அசல் பிஸ்ரல்தான்.

கணவர் பரமேஸ்வரன் கிழமை நாட்களில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். எங்கள் தமிழ் விழாக்களில் அரசன், எமன், இன்ஸ்பெக்டர். கடைசி வரிசையில் நித்திரை கொள்கிறவர்களை மைக் இல்லாமலே எழுப்பக்கூடிய குரல். அந்தக் குரலில்தான் வருத்தம் வந்தது. புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிடவேண்டும், திங்கட்கிழமை ஒப்பரேஷன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின சனிக்கிழமை கெல்சென்கிர்ச்சனில் நாடகம். குரல் கரகரத்துப்போயிருந்தாலும் "ஒரு மேடைக்குத் தாங்கும்" என்றார். இதற்குப் பிறகு மேடை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கிருந்தது ஒரே ஒரு ஆசை. முன்வரிசையில் இருந்து அந்தக் குரலைக் கடைசியாக ஒருமுறை வடிவாகக் கேட்கவேண்டும்.

அவர் காலையிலேயே நாடகக்காரரோடு வான் வண்டியில் போய்விட்டார். மண்டபத்துக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நான் பின்னால் ரயிலில் போவதாக ஏற்பாடு. நான் எண்ணெய்ச் சட்டியோடு நிற்கிற நேரம் போன் வந்தது.

"இஞ்சேரும், பிஸ்ரலை மேசையில விட்டிட்டு வந்திட்டன். வரேக்க மறக்காமல் கொண்டு வாரும்."

"ஓம், ஓம். கொண்டு வாறன்."

இந்த இடத்தில் மூளையுள்ள எவரும் பிஸ்ரலைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்திருப்பார்கள். எனக்கு அது ஏலாது. காரணம் என் அண்ணை.

யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலம். வீட்டு றேடியோவுக்கென்று அண்ணை பாண் ரொட்டியைக் குடைந்து அதற்குள் பற்றரியை வைத்துக்கொண்டு வந்தார். சென்றியில், அதுதான் ஆமியின் சோதனைச் சாவடியில், நானும் பக்கத்தில் நிற்க ஆமிக்காரன் பாணைப் பிய்த்துப் பார்த்தான். அண்ணையைக் கொண்டுபோனார்கள். இன்றுவரைக்கும் திரும்பி வரவில்லை. "ஒளிச்சபடியால்தானே கொண்டுபோனவங்கள், கையில வச்சிருந்தால் பறிச்சுப்போட்டு விட்டிருப்பாங்கள்" என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுவா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் எதையும் மூடிக்கொண்டு வெளியே போனதில்லை. எது கொண்டுபோனாலும் உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் பையில், கையில், நெஞ்சுக்கு முன்னால். ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருசமாகியும் என் கை அதை மறக்கவில்லை.

ஆகவே பிஸ்ரலை, முருங்கைக்காய் வெட்டி ஃபிரீசரில் போடும் கண்ணாடிப் பையில் போட்டு, எல்லோருக்கும் வடிவாகத் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டேன். ரோல்ஸ் ஆறிப்போகக்கூடாதென்று ஈயத்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, துவாயால் மூடி, காலடியில் ஒரு பைக்குள் ஒளித்து வைத்தேன். (இரண்டையும் மாற்றி வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

எதிரில் இருந்த பெடியன் என் மடியைப் பார்த்தான், எழும்பிப் போனான். பக்கத்தில் இருந்த மனுசியும் போனா. நல்ல சனம், எனக்குக் கால்நீட்ட இடம் விடுகிறார்கள் என்று நினைத்தேன். ஹம் ஸ்டேஷனில் ரயில் நின்றது நின்றபடி நின்றது. பொலிஸ் நடவடிக்கை காரணமாகத் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஐயோ கடவுளே, ரயிலில் யாரோ பயங்கரவாதி இருக்கிறான் போல என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். பெட்டியின் மறுமூலையில் ஒரு கிழவர் மட்டும் மிச்சம்.

"என்ன பிரச்சினை?" என்று ஜேர்மனில் கேட்டேன்.

கிழவர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

நல்லவேளை, நான் பிஸ்ரலை ஒளித்து வைக்கவில்லை, இல்லாவிட்டால் என்னையல்லவா சந்தேகப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து முடிக்கவில்லை, இரண்டு பக்கக் கதவாலும் பொலிஸ் வந்தது. அசல் துவக்குகள். கையைத் தூக்கச் சொல்லிக் கத்தினார்கள். தூக்கினேன். சென்றியில் பழகினபடி, மடியில் இருந்த பிஸ்ரல் பையையும் சேர்த்துத் தூக்கினேன்.

அடுத்த கணம் என் கன்னம் ரயிலின் தரையில் இருந்தது. யாருடைய முழங்காலோ என் முதுகில். நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. "அண்ணை ஒண்டும் செய்யேல்லை, ஐயா! அவரை விடுங்கோ!" தமிழில், திரும்பத் திரும்ப. எத்தனையோ வருசத்துக்கு முந்திச் சென்றியில் கத்தியிருக்கவேண்டியது, ஹம் ஸ்டேஷனில் வெளியே வந்தது. அப்போது எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா என்று தெரியாது.

ஸ்டேஷனில் இருந்த பொலிஸ் அறைக்குக் கொண்டுபோய், பிஸ்ரலைத் தட்டிப் பார்த்தார்கள். விளையாட்டுச் சாமான் என்று தெரிந்ததும் ரோல்ஸ்மேல் சந்தேகம் திரும்பியது. ஈயத்தாள் சுற்றிய உருண்டை உருண்டையான சாமான்கள், அதுவும் துவாயால் மூடி! கையுறை போட்ட ஒருவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆட்டிறைச்சி ரோல்ஸுக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

ஒரு பொலிஸ்காரப் பெண் தண்ணீர் தந்து, பொறுமையாக விளக்கினார். "அசல் போலத் தெரியும் எதையும் வெளியில் தெரியும்படி கொண்டுபோகக்கூடாது. மூடிய பைக்குள் வைத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை."

"ஒளித்து வைத்திருந்தால் சரியா?"

"ஆம்."

"காட்டினால் குற்றமா?"

"ஆம்."

நான் அழத் தொடங்கினேன். தான் பிழையாக ஒன்றும் சொல்லவில்லையே என்று அவர் திகைத்துப்போனார். (பிறகு அமெரிக்காவில் இருக்கும் தம்பி போனில் சிரித்தான்: "அக்கா, இஞ்ச எங்கட பக்கம் அசல் பிஸ்ரலையே இடுப்பில தெரியக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போறாங்கள்!" நாட்டுக்கு நாடு ஒளிக்கவேண்டியதும் காட்டவேண்டியதும் வேறு. அண்ணைக்கும் எனக்கும் மட்டும் இரண்டு முறையும் மாறி விழுந்தது.)

நாடகத்துக்குத்தான் என்று உறுதிப்படுத்த என் கணவருக்குப் போன் பண்ணப் போனார்கள். நான் தடுத்தேன். "நாடகம் தொடங்கப்போகுது, அவரைக் குழப்பவேண்டாம்" என்று கெஞ்சினேன். அவர்கள் கேட்கவில்லை. செய்தி தெரிந்ததும் மேடையேற நின்ற மனுசன் அப்படியே புறப்பட்டு வந்துவிட்டார். குளிர்க் கோட்டுக்கு உள்ளே காக்கிச் சட்டை, நெஞ்சில் பதக்கம், மைதீட்டிய கொம்பு மீசை. இலங்கை இன்ஸ்பெக்டர் ஒருவர் ஹம் ஸ்டேஷன் பொலிஸ் அறைக்குள் நுழைந்ததைப் பார்த்து, இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள்.

பிஸ்ரலை அவர்கள் வைத்துக்கொண்டு எங்களை விட்டார்கள். கெல்சென்கிர்ச்சனில் வேறு யாரோ அவருடைய வசனத்தைப் பார்த்து வாசித்து நாடகத்தை முடித்தார்களாம். நாங்கள் பீலெஃபெல்டுக்குத் திரும்ப ரயில் ஏறினோம். இருந்ததும் தொடங்கினார்.

"உமக்கு விசரே? மனுசர் பிஸ்ரலைத் தாம்பூலத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு போவினமே? சுட்டிருந்தாங்கள் எண்டால்? சுட்டிருந்தாங்கள் எண்டால் நான் என்ன செய்யிறது, சொல்லும்!"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குட்டர்ஸ்லோ வரும்போது குரல் பிசிறியது. அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். அப்போதுதான் இருவருக்கும் ஒன்றாக உறைத்தது.

"நிப்பாட்டாதேங்கோ" என்றேன். "இன்னும் ஏசுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு ஏசினார். கலியாணத்தன்று நான் பிந்தி வந்ததற்கு ஏசினார். கறிக்கு உப்புக் கூட்டியதற்கு, கார் ஓட்டப் பழகாததற்கு, அவருடைய நாடகங்களில் நித்திரை கொண்டதற்கு எல்லாம் ஏசினார். விசயம் முடிந்ததும் செய்யாத குற்றங்களுக்கும் ஏசினார். பீலெஃபெல்ட் ஸ்டேஷன் வரைக்கும் நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வாய் திறந்தால் காற்றுத்தான் வந்தது. திங்கட்கிழமை குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

தொண்டையில் வைத்துப் பேச ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். "அது ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி" என்று எழுதிக் காட்டிவிட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் மகள் மயூரி தொடங்குவாள்: "அப்பா, ஹம் கதை!" அவர் எழும்பி நின்று, கிழவர் கையைத் தூக்கியது, நான் பையோடு தூக்கியது, ரோல்ஸ் பிரித்தது எல்லாவற்றையும் வாய் பேசாமலே நடித்துக் காட்டுவார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஏச்சுக் கட்டம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்ப்பார். அந்தப் பாகத்துக்கு ஆள் நான். தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டு "உமக்கு விசரே?" என்று என்னையே நான் ஏசவேண்டும். ஒரு சொல் பிசகினால் விடமாட்டார். விரலை ஆட்டி மறித்து, சரியான சொல்லைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லித் தருவார். அதைப் பார்ப்பதற்காகவே சில நாட்களில் நான் வேண்டுமென்று பிழைவிடுவேன்.