சுவரில் ஏறிய வெள்ளம்

வீடு பளிச்சென்று இருந்ததைப் பார்த்ததும் சிவநேசன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கிள்ளான் ஆற்று வெள்ளம் புகுந்து, காலையில் அவர் புறப்படும்வரை சேறாகக் கிடந்த வீடு அது. இன்சூரன்ஸ் கிளைமுக்கு வேண்டிய காகிதங்களைப் போட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், மனைவி லோகேஸ்வரி சுவரெல்லாம் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் கோலமும் போட்டிருந்தாள். நனைந்து செத்துப்போன இரண்டு தையல் மெஷின்களையும் காணோம்.

"மெஷின் எங்க?"

"பழைய இரும்பு லோரி வந்துச்சு, ஏத்தி விட்டுட்டேன். இன்சூரன்ஸ் ஆபீசர் வராருன்னு நீங்கதான சொன்னீங்க? வீட்டுக்கு வர்ற மனுஷன சேத்துலயா உக்கார வைக்கிறது?"

அவளைக் குற்றம் சொல்ல வாயில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்டு ரமணி அவளுடைய அண்ணன் மகன்தான். ஆபீசர் வந்து பார்க்கும்வரை எதையும் கழுவாதீர்கள், எதையும் தூக்கிப் போடாதீர்கள், சுவரில் தண்ணீர் நின்ற கறைதான் முதல் சாட்சி என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சிவநேசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதை வீட்டில் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

தீபாவளிக்கு ஊரே ரவிக்கை தைக்கக் கொடுக்கும் நேரம். முதுகுவலியால் அவர் லோரி ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து அந்த மெஷின்கள் ஓடித்தான் வீடு ஓடியது. கிளைம் கிடைக்காவிட்டால் லோகேஸ்வரி அடுத்தவர் கடையில் போய்க் கூலிக்கு உட்கார வேண்டும். இத்தனை வருஷம் சொந்தமாகத் தைத்துத் தலைநிமிர்ந்து நின்றவளை அப்படிப் பார்க்க அவருக்கு மனசு கேட்காது.

ரமணிக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள் அவள். தோளில் தூக்கி வளர்த்த பையனிடம் திட்டு வாங்குவதா? சிவநேசன் மறுத்துவிட்டார்.

"வெள்ளம் வந்தது உண்மைதான? அழிஞ்சு போன கறைய திரும்பப் போடறதுல என்ன தப்பு?"

பின்பக்கக் கால்வாயில் சேறு அள்ளி வந்தார். முழங்கால் உயரத்தில் சுவரோரமாகப் பிரஷ்ஷால் இழுத்தார். சேறு வெளிறித் தெரிந்தது. கோப்பித்தூளைக் கலந்தார். நிறம் அச்சாக அமைந்தது. ஆனால் கோடு கோணலாகிவிட்டது. தண்ணீர் எங்கேயாவது கோணலாக நிற்குமா? தாழ்ந்த பக்கத்தை ஏற்றினார். அது மற்றப் பக்கத்தைவிட உயர்ந்துவிட்டது. மற்றதை ஏற்றினார். அது இதைவிட உயர்ந்தது. துடைத்து இறக்கலாம் என்று பார்த்தால் கறை மேல்நோக்கி இழுபட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். லோகேஸ்வரி கையைப் பிடித்து "போதுங்க" என்று கெஞ்சியபோது, முழங்காலில் தொடங்கிய வெள்ளம் நெஞ்சைத் தொட்டிருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. சிவநேசன் பிரஷ்ஷை மீன் சட்டிக்குள் ஒளித்தார்.

வந்த இன்சூரன்ஸ் ஆபீசரின் பெயர் அஸ்வின். இளவயசுக்காரர். கோலத்தை மிதிக்காமல் உள்ளே வந்தவர், உட்காராமல் சுவரையே பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். ஈரம் ஒட்டியது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து லோகேஸ்வரி கோப்பியோடு வந்ததால், வாசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழவில்லை.

"இவ்ளோ உயரமா வந்துச்சா அங்கிள்?"

"நெஞ்சு வரைக்கும் தம்பி. உயிர் பொழச்சதே பெருசு."

அஸ்வினின் பார்வை இறங்கியது. கறைக்கு ஒரு முழம் கீழே சாமி மேடை. அதில் காகித முருகன் படம், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. சிவநேசனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது.

"சாமி மேல மட்டும் ஒரு சொட்டு படல தம்பி. எல்லாம் அவன் செயல்."

லோகேஸ்வரி தரையைப் பார்த்தாள். தெய்வத்தைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்துவிட்டாரே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

அஸ்வின் பேனாவைத் திறந்தபடியே கைப்பேசியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார். இனி மெஷினைப் பற்றித்தான் கேட்பார். வெள்ளம் இழுத்துப் போனது என்று சொல்லிவிடலாமா? சிவநேசன் வாயைத் திறந்தார்.

அஸ்வின் கையைக் காட்டி நிறுத்தினார். தண்ணீர் வந்த அன்று ஆன்டி அழுதுகொண்டே வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்களாம்; அதை ரமணி அன்றைக்கே ஆபீசுக்கு அனுப்பிவிட்டாராம். இரண்டு மெஷின்களும் அதில் தெளிவாகத் தெரிந்ததால் கிளைம் நேற்றே ஓகே ஆகிவிட்டது. கையெழுத்து வாங்கத்தான் தான் வந்ததாகச் சொன்னார்.

சிவநேசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெழுத்துப் போடக் கையை நீட்டினார்.

அஸ்வின் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"வீடியோல தண்ணி முட்டி வரைக்கும்தான் அங்கிள் இருக்கு. மிச்ச வெள்ளம் எப்ப வந்துச்சு?"