பின்குறிப்போடு கையெழுத்திடும் பெருமான்

அப்பா படுக்கையில் கிடந்த குளிர்காலம் முழுவதும் மாலிண்டா எழுமுன்பே அடுப்புச் சாம்பல் அள்ளப்பட்டு, விறகு அடுக்கப்பட்டிருந்தது. செய்தது தம்பி ஏனோஸ் என்று அவளுக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. கேட்டதற்கு, "மாட்டைப் பார்க்க வந்தேங்க்கா" என்றான். மாடு இருந்தது அவன் வீட்டில்!

இந்த இனத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்; "கொடுப்பேன்" என்று மட்டும் சொல்ல மாட்டார். காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவ சபையில் இவர்கள் அதிகம். நாளை நடப்பது நமக்குத் தெரியாது என்று வேதமே சொல்லியிருக்க, வாயைத் திறக்கலாமா?

அப்பா மறைந்தபின் லங்காஸ்டர் நகரத்து வக்கீல் பாகம் பிரிக்க விடுதலைப் பத்திரம் நீட்டினார். 'என் பங்கு வந்தது, இனி உரிமை கோரேன், அப்பாவின் கடன் ஏதும் பின்னால் முளைத்தால் திருப்பித் தருவேன்.' மாலிண்டாவும் கூடப்பிறந்த மற்ற ஆறு பேரும் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். ஏனோஸ் வாசித்தான், மறுபடி வாசித்தான், கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தான், கையெழுத்திட்டான், அதன் கீழே அழகாக எழுதினான்: 'ஆண்டவருக்குச் சித்தமானால்.'

வக்கீல் தலையில் கைவைத்தார். "நிபந்தனை போட்டா இது செல்லாதுங்க!"

எல்லாரும் ஒழுங்காகக் கையெழுத்திட்டால்தான் பணம் கைக்கு வரும். வந்தால்தான் மாலிண்டா தான் குடியிருக்கப் பார்த்து வைத்த சின்ன வீட்டை வாங்கலாம். விற்பவரோ வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்.

"கடன் வந்தா தருவியாடா, மாட்டியா?"

"இது என்னக்கா கேள்வி? மாட்டை வித்தாவது தருவேன்."

"அதைத்தானே எழுதச் சொல்றாங்க!"

"உன்கிட்ட சொன்னா ஆண்டவர் சிரிச்சிட்டு விட்டுடுவார். பத்திரத்துல எழுதினா ஆணவம்."

"உன் பணிவுல நான் தெருவுல நிக்கப்போறேன்!"

அந்தச் சொல் ஏனோஸைத் தைத்தது. தாடியைத் தடவிக்கொண்டே வக்கீலிடம் போனான். "என் பங்கு முழுசையும் நீங்களே வச்சிருங்க. கடன் வந்தா அதுல கட்டுங்க. அப்போ நான் வாக்குத் தர வேண்டியதில்லையே?" கொட்டகைக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, அந்தப் பங்கை நம்பித்தான் பலகை பார்த்து வைத்திருந்தான். வக்கீல் அவன் பத்திரத்தில் கடன் பற்றிய வரியை அடித்தார். ஏனோஸ் பின்குறிப்பில்லாமல் கையெழுத்திட்டான். மாலிண்டா வீடு வாங்கினாள்.

சில மாதத்தில், அப்பா வைத்த பாக்கி என்று வண்டிப்பட்டறைக்காரர் வந்து நின்றார். வாசிக்காமல் வாக்குக் கொடுத்த ஆறு பேரில் ஒருவருக்கு விதைச் செலவு, ஒருவருக்கு மகள் கல்யாணம், மற்றவர்களுக்குத் திடீரென்று காது மந்தம். மாலிண்டாவின் பணமெல்லாம் சுவராக நின்றது. பாக்கி முழுவதும் ஏனோஸின் பங்கிலிருந்தே போயிற்று. கொட்டகை இன்னும் ஒழுகுகிறது.

சிரிக்கிறீர்களா? நீங்களும் இந்த இனமாயிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இன்னும் மோசம். அந்த ஆறு பேரில் ஒருவர்.

போன வாரம் வந்துவிட்டுக் குதிரை வண்டியில் ஏறிய ஏனோஸிடம் மாலிண்டா கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை சாப்பிட வருவியாடா?"

"வர்றேன்னு சொல்ல மாட்டேங்க்கா. உருளைக்கிழங்கை மட்டும் எனக்கும் சேர்த்து உரிச்சு வை."