நான் அமெரிக்க அம்மாவாக நடித்த வெள்ளிக்கிழமை

என் மீசையை எடுத்தபோது துபாய் சத்வா சலூனில் இருந்தவர்கள்: ஒன்று, சலூன்காரர், பாகிஸ்தானி. இரண்டு, பரஞ்சோதி அண்ணன். யாழ்ப்பாணம். எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், நாடகத்துக்கு டைரக்டர். மூன்று, நான். கம்பி கட்டும் வேலை. முனியாண்டி இல்லை. இருந்திருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை.

அது அமெரிக்க நாடகம். அண்ணன் தமிழில் ஆக்கியிருந்தார். கடன்பட்ட அப்பா, உருப்படாத இரண்டு மகன்கள். கடைசியில் அப்பா சாகிறார், அம்மா கல்லறை முன் உட்கார்கிறாள். (எங்கள் ஊரிலும் இதே கதைதான். டிக்கெட் கிடையாது.) அம்மாவாக நடிக்கப் பெண்கள் யாரும் வரவில்லை. என்னைப் பிடித்தார்.

"எனக்கு நடிக்க வராதுண்ணே."

"நீர் ஒண்டும் நடிக்க வேண்டாம். உமக்குக் கதைக்கவும் வராது, அழவும் வராது. வெள்ளைக்காரி அப்பிடித்தான் இருப்பா. அது காணும்."

அம்மாவின் வசனத்தை எல்லாம் மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரே கட்டளை: வாய் திறக்கக் கூடாது, சோக முகம் கலையக் கூடாது. நான் நாடகத்தன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் மீசை வளர்ந்துவிடும் என்பது என் கணக்கு.

மதியம் லேபர் கேம்ப் கட்டிலில் அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். முனியாண்டி வந்தான். பக்கத்து ஊர்க்காரன், வேறு சைட்டில் வேலை. அன்று ராத்திரி லீவில் ஊருக்குப் பறக்கிறான். என் மேலுதட்டைப் பார்த்தான். கட்டிக்கொண்டு அழுதான்.

"என்னடா மாப்ளே இது! விடு. நான் ஊருக்குத்தான போறேன், எல்லாம் பாத்துக்கிறேன்."

நான் பேசவில்லை. என் நடிப்பைப் பார்த்து அழுகிறான் என்று நினைத்தேன். (இந்த மூளையோடுதான் துபாய் வந்தேன்.) எங்கள் பக்கம் மகன் மீசையை எடுத்தால் அப்பா செத்துவிட்டார் என்று அர்த்தம். அது எனக்கு ஞாபகம் வந்தது மேடையில்தான்.

கடைசிக் காட்சி. கவுன், விக்கோடு கல்லறை முன் உட்கார்ந்திருக்கிறேன். ஹாலில் சத்தமே இல்லை. திடீரென்று கேம்ப் ஆட்கள் ஏழெட்டுப் பேர் மேடை ஏறினார்கள். சமையல்காரர் கருப்பையா அண்ணன் என் தலையைத் தோளில் சாய்த்தார். விக் அவர் சட்டைப் பட்டனில் மாட்டிக்கொண்டது.

"பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்க முடியாம, இங்க வேசம் கட்டி உக்காந்திருக்கியேடா! அழுதுருடா தம்பி!"

"இறங்குங்கோ! உது நாடகமடாப்பா!" என்று பரஞ்சோதி அண்ணன் ஓரத்திலிருந்து கத்தினார். செத்துப்போன அமெரிக்க அப்பாவும் வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டார்.

அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தேன்.

"எங்கப்பா சாகலைண்ணே!"

"சாகலையா? பொண்ணு வீட்டுக்கும் சொல்லிடறேன்னு முனியாண்டி ஏர்போர்ட்டுக்குப் போயிட்டானேடா!"

அப்பா செத்தால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளும். அதற்குள் பெண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கவுனோடு ஓடி டாக்ஸி பிடித்தேன்.

"கஹாங், மேடம்?" என்றார் டிரைவர்.

"ஏர்போர்ட். ஜல்தி, பாய்."

குரலைக் கேட்டவர் அப்புறம் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. விமானம் போய்விட்டிருந்தது.

ஊரில் முனியாண்டி முதலில் பெண் வீட்டுக்குப் போனான். பெண்ணின் அப்பாவையும் அழைத்துக்கொண்டு மாலையோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். அப்பாவே திறந்தார்.

"யாருக்குப்பா மாலை?"

"உங்களுக்குத்தான் மாமா" என்றான். வேறென்ன சொல்வான்?

பிறகு என் கடிதம் போய்ச் சேர்ந்தது. நடந்ததை எழுதியிருந்தேன். அதனால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. "சாவுன்னாக்கூட ஒரு வருசம் பொறுப்பேன். பொம்பள வேசம் கட்டுறவனுக்கா பொண்ணு?" என்று பெண்ணின் அப்பா குதித்தார்.

பெண் செல்லம் சொன்னாளாம்: "போனது மீசைதானப்பா? தையிலயே வைங்க."

தையிலேயே வைத்தார்கள்.

இன்றும் நான் ரேசரை எடுத்தால் செல்லம் அடுத்த அறையைப் பார்த்துக் கத்துவாள்.

"மாமா, இருக்கீங்களா?"

"இருக்கேன் தாயி."

அப்பாவுக்கு வயது தொண்ணூற்றொன்று.