தலையாட்டினால் விடமாட்டார்

காலை ஒன்பது இருபது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முணுமுணுத்த ஒரு பெரியவர். "வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, மஞ்சள் மாத்திரை பின்னாடி..." பக்கத்தில் இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு வேறு ஏதோ ஒப்பித்தார். பரீட்சை நாள் பள்ளிக்கூட வராந்தா போல இருந்தது.

திண்டுக்கல்லில் நோய்க்குப் பயந்தவர்களைவிட 'திருப்பிச் சொல்லு' டாக்டரம்மாவுக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். அவருடைய சொந்தப் பெயர் அறைக்கதவில் இருந்தது. யாரும் படித்ததில்லை. அவர் சொன்னதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். தடுமாறினால் வெளியே போய் யோசித்துவிட்டு மறுபடி வரவேண்டும்.

"புரிஞ்சுதுன்னு தலையாட்டுறாங்களேம்மா, விட்டுறலாம்ல?" என்று நர்ஸ் ஒருமுறை பரிந்து பேசினார்.

"புரிஞ்சவங்க கேள்வி கேப்பாங்க. வெளிய போகணும்னு நினைக்கிறவங்கதான் தலையாட்டுவாங்க."

பழக்கம் முற்றிப்போய் டீ கொண்டுவருகிறவரையும் விடவில்லை. "சர்க்கரை இல்லாம ஒண்ணு. திருப்பிச் சொல்லுங்க." பிரியாணிக் கடை பாய் ஒருவர் உப்பைக் குறைப்பது, கறியைக் குறைப்பது, தினம் நடப்பது மூன்றையும் சரியாக ஒப்பித்துவிட்டு, "டாக்டரம்மா, நீங்க வந்து எங்க கல்லாவுல செத்த நேரம் உக்காந்தா ஒரு பார்சலும் மாறாது" என்றார்.

"முதல்ல நடங்க பாய்."

அன்று நான் போனது சித்தப்பாவுக்காக. தாடிக்கொம்பில் பூ விவசாயம். சர்க்கரை ஏறி, புதிதாக இன்சுலின் எழுதியிருந்தார்கள். சித்தப்பா ஒரே மூச்சில் ஒப்பித்தார்: "தினம் காலையில ஊசி. போட்டா உடனே சாப்பிடணும். படபடன்னு வந்தா இனிப்பு." முடித்துவிட்டு, "எப்புடிலே?" என்று என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

டாக்டரம்மா விடவில்லை. "நாளைக்குக் காலையில என்ன பண்ணுவீங்க?"

"நாளைக்கா? பழனிக்கு நடக்குறோம்ல, தைப்பூசத்துக்கு."

"சாப்பாடு?"

"ஒரு பொழுதும்மா. பொழுது சாஞ்சுதான் சாப்பாடு."

"ஊசி?"

"அதான் சொன்னேன்ல. காலையில."

ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நடந்தால் ரோட்டிலேயே மயங்கி விழுவார். எழுந்திருக்காமலும் போகலாம். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்த மனிதர்.

"சித்தப்பா, இந்த வருஷம் பஸ்ல போயிருங்க."

"ஏலே, பஸ்ல போறதுக்கா மாலை போட்டிருக்கேன்?"

நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு பொழுதுன்னா ஒரு வேளைச் சாப்பாடுதானங்கய்யா? அது சாயங்காலம்தான்னு முருகன் சொன்னாரா?"

சித்தப்பா யோசித்தார். "எங்க அப்பா சொன்னாரு."

"அவருக்குச் சர்க்கரை இருந்துச்சா?"

"இரும்பு உடம்பும்மா அவருக்கு."

"அப்ப உங்க பொழுதைக் காலையில முதல் அன்னதானப் பந்தல்லயே வச்சுக்கங்க. இலையில இட்லி விழுந்தப்புறம்தான் ஊசி. பாலு, பழம், பானகம்லாம் விரதத்துல கூடாதா?"

"அதெல்லாம் கணக்குலயே வராதும்மா."

"அப்ப வழி நெடுக அதைச் சாப்பிட்டுக்கிட்டே நடங்க."

சர்க்கரை நோயாளியைப் பானகம் குடிக்கச் சொன்ன டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். ஊசியின் அளவையும் குறைத்தார். சித்தப்பா திருப்பிச் சொன்னார். கூட நடக்கப்போகிறவன் என்பதால் நானும் சொன்னேன்.

"போதும்மா, எல்லாம் சரி, எல்லாம் சரி" என்று சித்தப்பா எழுந்து பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை டாக்டரம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை, திண்டுக்கல்லைத் தாண்டி பழனி ரோட்டின் முதல் அன்னதானப் பந்தல். சித்தப்பாவுக்குப் போட்டிருந்த இலைக்குப் பக்கத்து இலை முன்னால் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். சித்தப்பா ஊசி போட்டு, நான்காவது இட்லியை முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று அவருக்கு வார விடுமுறை.