டெய்லர் அழுத்திய ஐந்து பட்டன்

டெய்லர் மூன்றாம் நம்பர் பட்டனை அழுத்தியபோது, அந்த நம்பருக்கு உரிய மாமியார் மொட்டை மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் நம்பரான மனைவி சமையலறையில். நான்காம் நம்பரான மகள் கல்லூரியில். ஆனால் டிவி மேலிருந்த சின்னப் பெட்டியில் நாலு விளக்கும் எரிந்தன. குடும்பமே சோபாவில் உட்கார்ந்து பொதுச் சேனல் பார்ப்பதாக அந்தப் பெட்டி எங்கோ ஓர் ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

டெய்லர் பொய்யே சொல்லாதவர் இல்லை. 'நாளைக்குக் கண்டிப்பா ரெடி' என்று வாரத்துக்கு இருபது தடவை சொல்கிறவர்தான். மாமியார் பேரில் சொல்வது மட்டும் இதுவே முதல் தடவை.

வீட்டில் கேபிள் இருந்தது, நூற்றெழுபது சேனல். இரண்டரை மணிக்குத் தொடங்கும் கேபிள் சீரியலில், கன்னத்தில் விழுந்த ஒரே அடியை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டுவார்கள். மழையே இல்லாமல் இடி இடிக்கும். அதற்கு முந்தின அரைமணி நேரம்தான் டெய்லருடையது. பொதுச் சேனலில் 'பழுது' என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு வயதான கடிகாரக்காரம்மா, ஒரு மேஜை, ஒரு கெட்டுப்போன கடிகாரம், அவ்வளவுதான். பேச்சு கிடையாது, இசை கிடையாது. எறும்புத் தலை அளவு திருகை அந்தம்மா இடுக்கியால் தூக்கும்போது டெய்லருக்கு மூச்சு நின்றுவிடும். முப்பது வருஷமாக ஊசி பிடித்தவர். நல்ல கையைக் கண்டால் அவருக்குத் தெரியும். கடைசி நிமிஷத்தில் கடிகாரம் உயிர் பெறும். "ஓடுது," என்பார் அந்தம்மா. அந்த ஒரு வார்த்தைக்கு டெய்லரின் கண் கலங்கும். தையல் மிஷினுக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் பெடலை மிதிக்கத் தோன்றாது.

அந்த நிகழ்ச்சியைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்றே சந்தேகமாம். புதிதாகப் பெட்டிகள் மாட்டிக் கணக்கெடுத்துவிட்டு, இல்லையென்றால் நிறுத்திவிடுவார்களாம். பேப்பரில் துண்டுச் செய்தியாக வந்தது. அடுத்த வாரமே ஒரு பெட்டி டெய்லர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மாட்டியவர் மீட்டர் மேடம் என்று டெய்லர் மனசுக்குள் பேர் வைத்துக்கொண்ட ஓர் அம்மாள். டிவி முன் உட்காருகிறவர் தன் நம்பரை அழுத்த வேண்டும், எழுந்தால் அணைக்க வேண்டும், ஐந்தாம் நம்பர் விருந்தாளிக்கு என்று விளக்கினார். "ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடு சார். நீங்க பாக்கறதைத்தான் ஊரே பாக்கறதா எடுத்துப்பாங்க. வெளியில சொல்லாதீங்க," என்றார். அன்றிலிருந்து டெய்லர் அந்தப் பெட்டி முன்னால் பனியனோடு உட்காருவதில்லை.

நாலு பட்டனின் பலன் மூன்றே வாரத்தில் தெரிந்தது. 'இளைஞர்களின் பேராதரவுக்கு நன்றி' என்று திரையில் எழுத்து ஓடியது. கடிகாரக்காரம்மா பக்கத்தில் மைக்கோடு ஒரு பெண் உட்கார்ந்து, திருகைக் கழற்றும்போது எப்படி ஃபீல் பண்ணுகிறீர்கள் என்று கேட்டாள். பின்னால் டிரம்ஸ். டெய்லர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். இங்கே நான்காம் நம்பரைத் தொட்டால் எங்கோ ஒரு ஸ்டுடியோவில் டிரம்ஸ் அடிக்கிறது. இவ்வளவு பெரிய அதிகாரம் தன் விரலுக்கா என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே மகளை நீக்கினார். மனைவியும் மாமியாரும் மிஞ்சினார்கள். சில வாரத்தில் மைக் பெண் போய், கடிகாரக்காரம்மாவின் மருமகள் வந்தாள். அத்தை கடிகாரத்தைக் கவனித்த அளவு என்னைக் கவனித்ததில்லை என்று அழுதாள். அந்தம்மா இடுக்கியும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார்.

டெய்லர் பதறிப்போய் அந்த இருவரையும் நீக்கினார். ஆள் குறைந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்களே என்று விருந்தாளிப் பட்டனை ஒன்பது தடவை அழுத்தினார். எத்தனை தடவை அழுத்துகிறோமோ அத்தனை விருந்தாளி. யாரென்றே தெரியாத ஒன்பது பேருக்காக என்னத்தை மாற்றிவிட முடியும் என்று நினைத்தார். மாற்றினார்கள். 'உறவுகள் கூடிப் பார்க்கும் பழுது' என்று பேர் வைத்து, கடிகாரம் எப்போது ஓடும் என்று குடும்பத்தோடு போன் செய்து சொல்லும் போட்டி ஆக்கினார்கள். திருகு கீழே விழுந்ததை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டினார்கள். இடி இடித்தது.

அன்று மாமியார் கேபிள் சீரியலுக்குக் காத்திராமல் இரண்டு மணிக்கே வந்து உட்கார்ந்தார். கூடவே மனைவியும்.

"இப்பத்தாங்க பாக்கற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. மாமியார் தன் கையாலேயே மூன்றை அழுத்தினார். டெய்லர் எழுந்துபோய், ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார்.

அடுத்த வாரம் கடிகாரக்காரம்மாவே இல்லை. விலகிக்கொண்டாராம். அவர் மேஜையில் மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

பேட்டரி மாற்ற மீட்டர் மேடம் வந்தபோது, டெய்லர் வீட்டார் காதில் விழாதபடி கதவைச் சாத்தினார். மகளை அழுத்தியது, மாமியாரை அழுத்தியது, இல்லாத ஒன்பது விருந்தாளிகள், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒரு வெட்டுத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படி ஒரு கையை நான் பாத்ததே இல்லை மேடம். நான் ஒருத்தனே அதை நாசம் பண்ணிட்டேன். பெட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

மீட்டர் மேடம் புதுப் பேட்டரியைப் போட்டு மூடியை அழுத்தினார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இந்த வாரம் இது பதினேழாவது வீடு சார். பதினேழு வீட்டுலயும் ஒருத்தர் இப்படித்தான் கதவைச் சாத்திட்டு அழுதாங்க. அவங்கவங்க பட்டனை மட்டும் அழுத்தியிருந்தாலே போதும், அந்தம்மா இன்னும் பேசாம கடிகாரம் பாத்துட்டிருப்பாங்க."