கேரேஜைச் சுமந்த ஜீப்

ஜீப்பின் தலை கேரேஜ் வாசலில் நான்கு அங்குலம் இடித்தது.

டெல்மர் எஞ்சினை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். ஒன்பது வருடமாக இந்தக் கேரேஜுக்குள்தான் அந்த ஜீப்பைப் பிரித்தார், கோத்தார், மறுபடி பிரித்தார். எதை எதையோ அளந்தார். வாசலை மட்டும் அளக்கவில்லை.

"பாட்டிலுக்குள்ள கப்பல் கட்டுவாங்களே, அந்த மாதிரி," என்றார் பக்கத்து வீட்டு லாமர், வேலியில் சாய்ந்தபடி. "அப்படியே வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

வாங்கும்போது அது குட்டையான ஜீப்தான். 1953-ஆம் வருடத்தது. யாரோ ஒருவருடைய புல்வயலில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டி. பாறை ஏற வேண்டும் என்பதால் பெரிய டயர் போட்டார். டயர் மட்கார்டில் உரசியது, மட்கார்டை வெட்டினார். அப்படியும் உரசியது, ஸ்பிரிங் பட்டைகளை உயர்த்தினார். உயர்ந்த வண்டி கவிழுமே என்று, மண்டை நசுங்காமலிருக்க இரும்புக் குழாயில் கூண்டு பற்றவைத்தார். ஒவ்வொன்றும் அதற்கு முந்தினதைச் சரிசெய்யத்தான்.

ஒன்பது வருடம் ஆனதற்கு வேலை மட்டும் காரணமில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால் டெல்மருக்குக் கையில் ஸ்பானர் இருப்பது மறந்துபோகும். கறுத்த இரும்பு மெல்ல விலகும். சிவந்த பாறைகள் விடியல் வெளிச்சத்தில் உள்ளிருந்து எரிவதுபோல் தெரியும். ஜீப் சத்தமே இல்லாமல், மலையாடு மாதிரி ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் மனைவி ஆர்டித், தலைத்துணி காற்றில் பறக்க உட்கார்ந்திருப்பாள். விழித்துப் பார்த்தால், தளர்த்த வேண்டிய போல்ட்டை நன்றாக இறுக்கிவைத்திருப்பார்.

கல்யாணமான வருடம் ஆர்டித் தூரத்து மலை உச்சியைக் காட்டிக் கேட்டாள், "அங்கேருந்து பாத்தா எப்படி இருக்கும்?"

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் டெல்மர். அதன்பின் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். பிள்ளைகள் வளர்ந்து போனார்கள். வலது முழங்கால் தேய்ந்துபோனது. சொன்ன சொல் மட்டும் தேயாமல் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

"டயர்ல காத்த இறக்கு," என்றார் லாமர். "நாலு அங்குலம்தானே."

இறக்கினார். ஜீப் பணிந்து, பாதி வெளியே வந்தது. அங்கே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தார். காற்றில்லாத முன் டயர் சக்கரத்திலிருந்து கழன்று படுத்துக்கொண்டது. வண்டியும் ஒருபக்கமாகச் சாய்ந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"அசையாத," என்றார் லாமர். "என் லாரில கட்டி இழுத்துடலாம்."

"நீ இழுத்தா வேற எதாவது வருமேப்பா."

"வந்தா வரட்டும். ஜீப்பும் வரும்ல."

இழுத்தார். கூண்டின் மூலை வாசல் கம்பத்தில் மாட்டியது. ஜீப் வரவில்லை, கம்பம் வந்தது. கேரேஜின் முன்கூரை ஒரு பெருமூச்சு விட்டு, இறங்கி, கூண்டின்மேல் உட்கார்ந்தது.

புழுதி மெல்ல அடங்கியது.

"கூண்டு நல்லாத்தான் பத்தவச்சிருக்க," என்றார் லாமர் கடைசியில். "ஒரு வளைவுகூட இல்ல பாரு."

சத்தம் கேட்டு ஆர்டித் ஈரக் கையோடு வந்தாள். நின்று பார்த்தாள்.

"இப்போ ஜீப்ப எடுத்தா?"

"கூரை விழுந்துடும்."

"எடுக்கலன்னா?"

"ஜீப்தான் கேரேஜைத் தாங்கிக்கிட்டு நிக்கும்."

அப்படியே பதினெட்டு நாள் நின்றது. தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். லாமர் தடித்த உத்தரம் ஒன்றைக் கொண்டுவந்து கூரைக்கு முட்டுக்கொடுத்தார். அதை வைப்பதற்காகப் பக்கச் சுவரைக் கொஞ்சம் இடித்தார். இடித்த இடத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. கேரேஜுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற அன்று, டெல்மர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"விட்டுடலாம் ஆர்டித். அறுபத்தெட்டு வயசாச்சு. ஒரு சின்ன விஷயம் கேட்ட நீ. அத செய்ய முடியல என்னால."

ஆர்டித் இன்னொரு வாளியைக் கவிழ்த்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீரில் ஒரு மரச்சீவல் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவர் கையிலிருந்த கிரீஸைத் தன் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்துவிட்டாள்.

"எனக்கு அங்க உன்கூடப் போகணும்," என்றாள். "எழுந்திரு. குழாய அடை மொதல்ல."

அடைத்தார். முட்டு நின்றது. கேரேஜின் முன்சுவரை முழுக்கக் கழற்றிய பிறகு, ஒரு வியாழக்கிழமை விடியலில் ஜீப் எதிலும் இடிக்காமல் வெளியே வந்தது. லாமர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தொப்பியைக் கழற்றினார்.

பாதை நான்கு மைல். டெல்மர் கனவில் கண்டதைவிட மெதுவாக ஏறினார். ஒவ்வொரு பாறையிலும் ஒரு சக்கரம் தொங்கியது, மற்ற மூன்றும் கவ்விப் பிடித்தன. எஞ்சின் முனகியது. ஆனால் ஏறியது. பாறைகள் சிவந்து, செம்பு நிறமாகி, பொன்னாகிக்கொண்டே வந்தன. பள்ளத்தாக்கிலிருந்து மூலிகை வாசனையோடு குளிர்காற்று எழுந்தது. ஆர்டித்தின் தலைத்துணி உண்மையிலேயே பறந்தது. இது நடந்துகொண்டிருக்கிறதா, இல்லை தான் இன்னும் வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கிறோமா என்று டெல்மருக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது.

"இடப்பக்கம் எடு," என்றாள் ஆர்டித். "அந்த வளைவுல மணல் வழுக்கும்."

"எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியுதே."

எடுத்தார். வழுக்கவில்லை. அவள் கண் நல்ல கண், இந்த வயதிலும், என்று பெருமையாக நினைத்துக்கொண்டார்.

ஒன்பதே முக்காலுக்கு உச்சி வந்தது. டெல்மர் இறங்கி, முழங்காலைத் தேய்த்துவிட்டு, சுற்றிவந்து ஆர்டித்துக்குக் கைகொடுத்து இறக்கினார். கீழே ஆறு ஒரு வெள்ளி நூலாகக் கிடந்தது. உலகமே அடுக்கடுக்காகச் சிவந்து, நீலமாகி, ஒன்றுமில்லாமல் கரைந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாப்பத்திமூணு வருஷம்," என்றார். "கூட்டிட்டு வந்துட்டேன்."

ஆர்டித் அவர் தோளில் தலைசாய்த்துக்கொண்டாள்.

பாறைக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. கைத்தடிகளோடு ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். நரைத்த சடை போட்ட ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு, வட்டத்தில் காலியாக விட்டிருந்த இடத்தைத் தட்டிக்காட்டினாள்.

"என்ன ஆர்டித், ஒம்பது வருஷமா வியாழக்கிழமையானா முத ஆளா நடந்து வந்து நிப்ப, இன்னிக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?"